பனியே விழாத ஊருல படகுக்குப் போர்வை

ஏலே தம்பி, படகுக்குக் குளிருதுன்னு உனக்கு யாருல சொன்னா?

நவம்பர் பொறந்துட்டா டெல்லிக்காரனுக்கு எதையாவது போத்தி மூடணும். கூலருக்குத் தார்ப்பாய், காருக்கு உறை, தெரு நாய்க்குச் சட்டை, எருமைக்குச் சாக்கு, கோயில்ல குட்டிக் கிருஷ்ணருக்கு ஸ்வெட்டர். கூலரை மூடுதான், சரி. அது ஆறு மாசம் சும்மா நிக்கப் போவுது. நாய்க்குச் சட்டை போடுதான், அதுவும் சரி. அதுக்கு உசிரு இருக்கு, நடுங்கும். நீ ஒரு பதிமூணு அடி ஃபைபர் படகை வாங்கி, ஓக்லாப் பக்கம் தெரிஞ்சவன் தோட்டத்துல நிப்பாட்டிட்டு, "தாத்தா, இதுக்கு விண்டர் கவர் தைக்கணும், எப்படித் தைக்க?"ன்னு கேக்க. செல்போன்ல ஒரு வெள்ளைக்காரன் வீடியோ வேற காட்டுத. அவன் படகு மேல மூணடிப் பனி கிடக்கு. உன் படகு மேல என்னல கிடக்கு? புறா எச்சம்.

கோவிச்சுக்காத. நான் தூத்துக்குடிக்காரன். தோணிப் பாய்க்குக் கித்தான் தைச்ச கை இது. இப்போ மயூர் விஹார்ல மகன் வீட்டு பால்கனியில உக்காந்து வெயில் காயுது. படகை மூடாதன்னு நான் சொல்லலை. எப்போ மூடணும், எதுக்கு மூடணும்னு தெரியாம மூடாதங்கேன்.

வெள்ளைக்காரன் ஏன் மூடுதான்னு யோசிச்சியா? அவன் ஊர்ல ஏரி உறைஞ்சு போகும். அக்டோபர்ல படகைக் கரையேத்தினா வசந்தம் வந்த பொறவுதான் மறுபடி தண்ணி. நடுவுல மழைத் தண்ணி ஒரு சின்னக் கீறலுக்குள்ள போய் உறைஞ்சுதுன்னு வையி, பத்துல ஒரு பங்கு கிட்ட விரியும். விரிஞ்சா கீறல் பிளவாகும். பிளவு வசந்தத்துல ஓட்டையாகும். அதுபோக மேல விழுற பனியோட பாரம். அதனாலதான் நல்லாச் சரிவு வச்சுக் கூடாரம் அடிக்கான். அவன் செய்யுதது அவன் ஊருக்கு நியாயம். அதுல பகுமானம் ஒண்ணும் கிடையாது. பகுமானமெல்லாம் அதைப் பாத்து நீ செய்யப் போறதுலதான் இருக்கு.

டெல்லிக் குளிரை நானும் பாத்திருக்கேன். 2021 ஜனவரி 1-ம் தேதி சஃப்தர்ஜங்ல 1.1 டிகிரி. பதினஞ்சு வருசத்துல இல்லாத குளிர்னு பேப்பர்ல போட்டான். யமுனை உறைஞ்சுதா? ஓரத்துல ஒரு கிண்ணம் தண்ணியாவது உறைஞ்சுதா? அதே மாசம் 14-ம் தேதி ஸ்ரீநகர்ல மைனஸ் 8.4. தால் ஏரி உறைஞ்சு, ஆளுவ மேல ஏறி நடந்தாவ. அங்க படகு வச்சிருக்கவன் கவலைப்படட்டும். நைனிதால்ல 1910-ல தொடங்குன யாட் கிளப் இருக்கு, கடல் மட்டத்துக்கு மேல 1,900 மீட்டருக்கும் கூடுதலான உசரத்துல. அங்க பனி விழும். அவன் போர்வை கேட்டா நானே தைச்சுக் குடுப்பேன். உனக்குப் பனி பாக்க ஆசையா இருந்தா காளிந்தி குஞ்ச் பாலத்துக்குப் போ. ஐப்பசி, கார்த்திகையில ஆறு முழுக்க வெள்ளை வெளேர்னு மிதக்கும். அது நுரைடே. ஊர் சோப்புத் தண்ணியெல்லாம் ஓக்லா மதகுல விழுந்து பொங்குது. வஜீராபாத்ல இருந்து ஓக்லா வரைக்கும் வெறும் 22 கிலோமீட்டர். ஆத்து நீளத்துல 2 சதவீதம்கூட வராது. யமுனை சுமக்குற அழுக்குல முக்கால்வாசி அந்த 22-க்குள்ளதான் சேருது. உன் படகோட அடிப்பக்கத்தைப் பத்திக் கவலைப்பட வேண்டிய ஊருல நீ மேல்பக்கத்தைப் பத்திக் கவலைப்படுத.

டெல்லிக்கும் பாய்மரத்துக்கும் உள்ள சம்பந்தமே ஒரு கூத்து. இந்தியாவுக்கே பாய்மரப் படகுப் போட்டி நடத்துற சங்கத்துக்குத் தலைமை ஆபீஸ் எங்க? தூத்துக்குடியிலயா, கொச்சியிலயா? டெல்லியில. கடல் இல்லாத ஊர்ல கோப்புக்குப் பஞ்சம் உண்டா? 1982-ல ஆசிய விளையாட்டை டெல்லியில நடத்துனாங்க. எல்லாம் டெல்லியில. பாய்மரப் போட்டி மட்டும் பம்பாய்க்குப் போச்சு. துடுப்புப் போட்டி ஜெய்ப்பூர்ப் பக்கம் ராம்கர் ஏரிக்குப் போச்சு. அந்த ராம்கர் ஏரி பின்னால வத்தியே போச்சுங்கது வேற கதை. பம்பாய்ல ஃபாரூக் தாராப்பூரும் ஜரீர் கரஞ்சியாவும் ஃபயர்பால் வகுப்புல தங்கம் அடிச்சாவ. டெல்லிக்காரன் அதை டிவியில பாத்தான்.

ஆனா ஊரைக் கேவலமாவும் பேசப்புடாது. ஓக்லாவுல ராணுவத்தாருக்குப் பாய்மரக் கிளப் உண்டு. திபெத்துக்காரங்க மோமோ விக்கிற மஜ்னு கா டீலா இருக்குல்லா, அந்தப் பேரே ஆத்துல காசு வாங்காம ஆளைக் கடத்திவிட்ட ஒரு ஓடக்காரப் பக்கிரியோட பேருன்னு சொல்லுவாவ. குரு நானக் அவரைச் சந்திச்சதா ஐதீகம். இன்னைக்கும் நிகம்போத் பக்கம் யமுனைப் படித்துறைக்குக் காலையில போய்ப் பாரு. நவம்பர்ல சைபீரியாவுல இருந்து கடல்புறா கூட்டங் கூட்டமா வந்து இறங்கும். கேமராவும் கையுமா ஆளுவ வருவாவ. படகுக்காரன் சேவுப் பொட்டலத்தைக் கையில குடுத்து, பறவைக்குத் தூவச் சொல்லிக்கிட்டே துடுப்புப் போடுவான். அவனுக்கு மார்ச் வரைக்கும் கல்லா நிறையும். போய் அவன்கிட்ட, "அண்ணே, குளிருக்குப் படகை எப்படி மூடி வைப்பீங்க?"ன்னு கேளு. ஒரு பார்வை பாப்பான். அந்தப் பார்வைக்கு மேல நான் என்ன சொல்ல?

இந்த ஊர்ல படகுக்குக் குளிர்காலம்தான் சீசன். மார்கழிக் கடைசியில பதினஞ்சு இருவது நாள் மூடுபனி, காத்தும் செத்துக் கிடக்கும், பாய் தொங்கும். ஒத்துக்கிடுதேன். அதுக்காக சீசன் முழுக்கப் படகைப் பொட்டலம் கட்டி வச்சா, கழட்டி எப்போ ஓட்டுவ? மே மாசமா?

மே மாசம் சொல்லுதேன் கேளு. அதுதான் உனக்கு எதிரி. 2024 மே 29-ம் தேதி டெல்லி முங்கேஷ்பூர்ல 52.9 டிகிரின்னு கருவி காட்டுச்சு. ஊரே அலறுச்சு. அப்புறம் வானிலைத் துறைக்காரங்க போய்ப் பாத்துட்டு, கருவி மூணு டிகிரி கூடுதலாக் காட்டுதுன்னாங்க. சரிடே, மூணைக் கழி. அப்பவும் 49.9. அந்த வெயில்ல ஃபைபர் மினுமினுப்பு போய், தொட்டா கையில சுண்ணாம்பு ஒட்டும். பாய் நூல் பொடிப்பொடியா உதிரும். கயிறு விறைச்சுப் போகும். அப்புறம் ஆந்தி. சாயங்காலம் நாலு மணிக்கு வானம் மஞ்சளாகி ஒரு புழுதிக் காத்து அடிக்கும் பாரு, கட்டாத எதுவும் உன் வீட்டுல இருக்காது. நம்ம தூத்துக்குடியில ஏப்ரல் 15-ல இருந்து 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் குஞ்சு பொரிக்கட்டும்னு அரசாங்கம் போட்ட தடை. அந்த ரெண்டு மாசத்துலதான் படகைக் கரையேத்திச் சுரண்டி, சாயம் அடிச்சு, ஓட்டை அடைப்பாவ. உன் படகுக்கும் ஓய்வு அப்பத்தான்.

அது முடிஞ்சா மழைக்காலம். 2024 ஜூன் 28-ம் தேதி காலையில முடிஞ்ச 24 மணி நேரத்துல டெல்லியில 228 மில்லிமீட்டர். இப்போ உன் படகைக் கணக்குப் போடுவோம். பதிமூணு அடி நீளம், அஞ்சு அடி அகலம், மூக்கு கூம்பிப் போறதைக் கழிச்சா நாப்பத்தஞ்சு சதுர அடி. அதுல 228 மில்லிமீட்டர் தண்ணி நின்னா ஏறக்குறைய 950 லிட்டர். மொட்டைமாடியில கறுப்பா ஒரு சின்டெக்ஸ் நிக்குல்லா, அதைத் தூக்கி உன் படகுக்குள்ள வச்சுப் பாரு. நாலு செங்கல் மேல நிக்குற ஃபைபர் அதைத் தாங்குமா? டமார்னு அடிவயிறு விரியும்.

அதனால காசு செலவில்லாத முதல் வைத்தியம்: அமரத்துல, பின்பக்கத்துல, அடியில ஒரு தக்கை இருக்கும். கரையேத்தினதும் அதைக் கழட்டு. அணியத்துக்கு அடியில ரெண்டு செங்கல் கூட வச்சு மூக்கை உசத்து. வந்த தண்ணி பின்பக்கம் வழியாப் போயிரும். தக்கையைச் சாவிக் கொத்துல மாட்டி வை, தொலைச்சிராத. ரெண்டாவது வைத்தியம்: சின்னப் படகா இருந்தா கவுத்துப் போடு. பிள்ளையள் ஓட்டுற ஆப்டிமிஸ்ட் படகு 35 கிலோதான். ரெண்டு பேர் புரட்டலாம். கவுந்த படகுக்கு அதோட முதுகே கூரை. எவன் கவர் விக்க முடியும் அதுக்கு?

"இல்ல தாத்தா, நான் தைச்சுத்தான் தீருவேன்"ங்கியா? சரி. கை அரிக்கு உனக்கு. நல்ல அரிப்புதான், நானும் அனுபவிச்சவன். உக்காரு.

துணி முதல்ல. வெளிநாட்டு கவர் ஒண்ணு, உன் அரை மாசச் சம்பளத்தைக் கேக்கும், அது வேண்டாம். சதர் பஜார்ல தார்ப்பாய்க் கடையில போய் நின்னா, "எத்தனை ஜிஎஸ்எம்?"னு கேப்பான். முழிக்காத. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் இருக்குங்கதுதான் அது. 90 ஜிஎஸ்எம் நீலத்தாளைக் குடுப்பான். பளபளன்னு இருக்கும். ஒரு டெல்லிக் கோடை பாத்தா பொடிஞ்சு உமி உமியாக் கொட்டும். 200-க்குக் குறையாம வாங்கு. இல்ல தேர்தல் முடிஞ்ச ஃப்ளெக்ஸ் பேனர் கிடைச்சா, ஒரு கோடைக்குத் தாங்கும், அப்புறம் அதுவும் வெடிச்சுரும். தலைவர் முகம் உள்பக்கமா இருக்கும்படி போடு. வெளிய தெரிஞ்சா எந்தக் கட்சிக்காரன் வந்து பாலூத்துவான், எவன் வந்து சாணி அடிப்பான்னு சொல்ல முடியாது.

என்கிட்டக் கேட்டா பருத்திக் கித்தான்தான். விலை கூடத்தான். ஆனா அது மூச்சு விடும். மழையில நனைஞ்சா நூல் பருத்து, துவாரத்தைத் தானே அடைச்சுக்கும். ஒண்ணே ஒண்ணு: நனைஞ்சிருக்கும்போது உள்பக்கம் எதுவும் உரசப்புடாது. விரல் பட்ட இடத்துல ஒழுக ஆரம்பிக்கும். அதனால துணியைப் படகு மேல படுக்கப் போடாம தூக்கி நிறுத்தணும். பாய்மரத்தைக் கழட்டி, முன்னாடி ஒரு கவட்டை, பின்னாடி ஒரு கவட்டை நட்டு அதுமேல நீட்டிப் படுக்க வை. அதுதான் உனக்கு முகட்டு வளை. பாய்மரம் கழறாத படகுன்னா ஒரு மூங்கில் போதும். கணுவைச் சீவிரு, இல்லன்னா துணியைக் கிழிக்கும். சரிவு செங்குத்தா இருக்கட்டும். தட்டையா விட்டா நடுவுல குளம் கட்டும். குளம் கட்டினா கொசு வரும். டெல்லியில கொசுன்னா டெங்கு. கார்ப்பரேஷன்காரன் வந்து உன் படகுக்கு நோட்டீஸ் ஒட்டிட்டுப் போவான்.

அளக்காம வெட்டாத. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சும்மாவா சொன்னாவ? முகட்டுல இருந்து ரெண்டு பக்கமும் படகு விளிம்புக்கு ஒரு முழம் கீழ இறங்கணும். தைக்கும்போது கோணி ஊசி, மெழுகு தேய்ச்ச நூல், இரட்டைத் தையல். மடிப்பு கீழ்நோக்கி விழணும். மேல்நோக்கி விழுந்தா அந்த மடிப்புக்குள்ளயே தண்ணி தங்கும். கடைக்காரன் ஓரத்துல அடிச்சிருக்க பித்தளை வளையத்தை நம்பாத. முதல் ஆந்தியில பிய்ச்சுக்கிட்டு வந்துரும். ஒரு வேலை சொல்லித்தாறேன். ஆத்தங்கரையில நெல்லிக்காய் அளவு உருண்டைக் கூழாங்கல் பொறுக்கிட்டு வா. துணியோட ஓரத்துல இருந்து நாலு விரல் உள்ள தள்ளி, அடிப்பக்கமா ஒரு கல்லை வை. மேலேர்ந்து துணியோட சேத்துக் கல்லைப் பிடி. கழுத்துல கயிறை ரெண்டு சுத்துச் சுத்தி இறுக்கு. கல் வெளிய வராது, துணியில ஓட்டை கிடையாது, எந்தக் காத்துக்கும் கிழியாது. ரெண்டு சாணுக்கு ஒரு கல். செலவு? குனிஞ்ச முதுகுவலிதான்.

கயிறை எங்க கட்டுவ? இங்கதான் படிச்ச பயலுவ கோட்டை விடுதான். படகு நிக்குற முட்டுக் கட்டையில கட்டாத. காத்து துணியைத் தூக்கும், துணி கயிறைத் தூக்கும், கயிறு முட்டைப் பிடுங்கும். முட்டுப் போனா படகு சாயும். வெள்ளைக்காரன் ஊர்லயே அப்படித்தான் எத்தனையோ படகு விழுந்து கிடக்கு. கயிறு படகோட அடிவயிறு வழியாப் போய் மறுபக்கக் கல்லுல முடியணும். படகு தன்னைத் தானே கட்டிக்கிடும். கொஞ்சம் தளர்வு வேணும்னா, அஞ்சு லிட்டர் தண்ணி கேனை நிரப்பி ஓரத்துல தொங்க விடு.

முன்னும் பின்னும் வாயைத் திறந்து வை. இதைச் சொன்னா நீ கேக்கமாட்ட. 'டைட்டா சீல் பண்ணணும்'ப. சீல் பண்ணிப் பாரு. டெல்லி மூடுபனியில ராத்திரி முழுக்க உள்ள வேர்த்து, காலையில இட்லிக் கொப்பரை மூடி மாதிரி சொட்டுச் சொட்டா ஒழுகும். தை மாசம் திறந்தா உள்ள பச்சைப் பூசணம். குளிருக்காகப் படகை மூடினவன் குளிராலயே படகைக் கெடுத்துக்கிட்ட கதை அது. திறந்த வாயில பழைய வலையைக் கட்டு. இல்லன்னா புறா குடித்தனம் வந்துரும், வந்தா போகாது. குரங்குக்கு என்ன செய்யன்னு என்கிட்டக் கேக்காத. 2023-ல ஜி-20 மாநாட்டுக்குப் பெரிய பெரிய நாட்டுத் தலைவர்லாம் வாறாங்கன்னு, குரங்கை விரட்ட, அது பயப்படுற கருமூஞ்சி லங்கூர் படத்தை வெட்டி நிறுத்தி, லங்கூர் மாதிரி கத்தவும் ஆள் வச்சாங்க. அந்தக் கவர்மெண்டே திணறுச்சு. பாயையும் கயிறையும் மட்டும் வீட்டுக்குக் கொண்டு போயிரு. எலிக்கும் குரங்குக்கும் படகுல வேற எதுவும் ருசிக்காது.

இன்னொண்ணு. படகு நிக்குற இடம் ஆத்துக்கு எவ்வளவு பக்கம்? 2023 ஜூலை 13-ம் தேதி பழைய இரும்புப் பாலத்துல யமுனை 208.66 மீட்டர் ஏறுச்சு. அதுக்கு முன்னால 1978-ல 207.49. நாப்பத்தஞ்சு வருசம் நின்ன கணக்கு ஒரே வாரத்துல போச்சு. செங்கோட்டைச் சுவர் வரைக்கும் தண்ணி வந்துச்சு, ஷாஜகான் காலத்துல அது ஓடுன பழைய இடத்துக்கே. உன் கூட்டாளி தோட்டம் தாழ்வா இருந்தா, நீ பட்டுல கவர் தைச்சாலும் சரி, படகு கவரோட ஆக்ராவுக்குப் போகும். மரத்துல ஒரு வடக்கயிறு போட்டுக் கட்டு, நீளமா விடு. தண்ணி ஏறினா படகும் ஏறட்டும். மூடுறதை விட அது முக்கியம்.

எருமை வாங்குமுன்னே நெய்க்கு விலை பேசுன ஆளைத்தான் நான் இத்தனை வருசமாப் பாத்துக்கிட்டு வாறேன். கவருக்கு என்ன கலர், கரையில என்ன பேர் எழுத, ஜிப் எந்தப் பக்கம்னு மூணு மாசம் பேசுவான். படகுல எத்தனை தடவ ஏறினன்னு கேட்டா மேகத்தைப் பாப்பான். நீ எப்படி?

சரி, கேட்டதுக்குப் பதில் சொல்லிருதேன். குளிர்காலத்துக்குப் பழைய பருத்தி பெட்ஷீட் ஒண்ணு போதும். தீபாவளிக் கரியும் புறா எச்சமும் படாம இருக்க அதை லேசாப் போட்டு வை. ஓட்டப் போகும்போது உருவிக்கலாம். நான் சொன்ன கித்தான் கூடாரத்தை ஏப்ரல் நடுவுல கட்டு. பருவமழை டெல்லிக்கு வாற கணக்கு ஜூன் 27, திரும்புற கணக்கு செப்டம்பர் 25. அது போனதும் ரெண்டு நாள் வெயில்ல காயப் போட்டு மடிச்சு வை. அக்டோபர்ல படகு தண்ணியில இருக்கணும். அந்த வெளிநாட்டு கவருக்குன்னு எடுத்து வச்ச ரூபாயில ரெண்டு லைஃப் ஜாக்கெட் வாங்கு. ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு எனக்கு, பெரிய அளவு.